நாடி இல்லாத அண்ணன்

பீ...ப்! பீ...ப்! பீ...ப்!

அண்ணனின் இடுப்புப் பெல்ட்டில் இருந்த சின்னப் பெட்டி அலறியது. நெஞ்சுக்குள் ரத்தத்தை ஓட்டும் பம்ப்பில் ஏதோ கோளாறு!

கட்டிலில் அண்ணன் வெளுத்துப்போய்க் கிடந்தார். கண்கள் மூடியிருந்தன.

தம்பி பதறவில்லை. நிதானமாகக் குனிந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

துடிப்பு... இல்லை!

கழுத்தில்?

அங்கேயும் இல்லை!

"தொலைஞ்சியா?" காதருகே சீறினான். "ஆளுங்க முன்னாடி என்னைத் தண்டச்சோறுன்னு சொன்னேல்ல? பிரிண்டிங் பிரஸ்ஸை எங்கிட்டக் குடுன்னா, மெஷின் துடைக்கக்கூட லாயக்கில்லன்னு சிரிச்சேல்ல? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு வாரமா ரெண்டு மடங்கா குடுத்தேன்... இப்ப சிரி!"

வாசலில் செருப்புச் சத்தம்.

அண்ணி!

சட்டென்று முகத்தில் சோகத்தைப் பூசிக்கொண்டான்.

"அண்ணி... அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு!"

அண்ணி கைப்பையை வீசிவிட்டு ஓடிவந்தாள்.

"யார் சொன்னா?"

"நாடி பார்த்தேன். சுத்தமா இல்ல. இந்தச் சனியனை நிறுத்திடறேன், காது கிழியுது."

அவன் கை வயரை நோக்கி நீண்டது.

பளார்!

"கையை எடுடா! பம்ப் வெச்ச நாள்லேருந்து அவருக்கு நாடியே துடிக்கிறதில்ல! அது ரத்தத்தை விட்டு விட்டுத் தள்ளாது, ஒரே சீரா ஓட்டும்!" கணவனின் நெஞ்சில் காதை வைத்தாள். "பம்ப் ஓடுது... அவர் இன்னும் இருக்கார்!"

தம்பி கையை இழுத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ். ஸ்கேன். ஆபரேஷன் தியேட்டர்.

தம்பியும் வெளியே வேண்டிக்கொண்டுதான் நின்றான்... அண்ணன் பிழைத்துவிடக் கூடாதென்று!

சர்ஜன் முகமூடியைக் கழற்றியபடி வந்தார்.

"இதயத்தைச் சுத்தி ரத்தம் கசிஞ்சு தேங்கியிருந்தது. அந்த அழுத்தத்துல இதயம் விரிய முடியல, பம்ப்புக்கு ரத்தமே போகல. வெளியே எடுத்துட்டோம், பொழைச்சுக்குவார். ஆனா அவர் ரத்தம் தண்ணியா இருக்கு, மாத்திரை அளவு மீறியிருக்கு. யார் குடுத்தது?"

"அண்ணிதான்!" தம்பி முந்திக்கொண்டான்.

"அடப்பாவி! 'நீங்க வேலைக்குப் போங்க, நான் பார்த்துக்கறேன்'னு ஒரு வாரமா நீதானே குடுத்தே?"

"புருஷனுக்கு விஷம் வெச்சுட்டு எம்மேல பழியா? சாட்சி இருக்கா?"

மறுநாள் தம்பி உள்ளே நுழைந்தபோது, அண்ணனின் கட்டில் அருகே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"வாங்க மிஸ்டர். சாட்சி கேட்டீங்களாமே? இதோ, படுத்திருக்கார். நேத்து இவரால கண்ணைத்தான் தொறக்க முடியலையாம். காது நல்லாவே கேட்டுச்சாம்!"

தம்பி கதவை நோக்கிப் பாய்ந்தான். அங்கே நின்ற கான்ஸ்டபிள் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

அண்ணனின் உதடுகள் மெல்ல அசைந்தன.

"கொலையைக்கூட முழுசாச் செய்யத் தெரியல... இவனுக்கு பிரஸ்ஸைக் குடுக்கணுமாம்!"