தாழிக்குள் கீழ்க்குரல்

நுக்ஸாருக்குக் கார் ஓட்டும்போது பாடாமல் இருக்க முடியாது. திபிலிசியில் கிளம்பி, தெலாவியைத் தாண்டுவதற்குள் ஆறு பாட்டு முடித்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி லமாரா கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக வந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் நிறைந்ததற்காக, ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டில் மதிய விருந்துக்குச் சொல்லி வைத்திருந்தான் அவன். ஆற அமர ஒயின் ருசி பார்ப்பது, வயிறு முட்டச் சாப்பிடுவது, வெயில் தாழ்ந்ததும் திரும்புவது. ஆற அமர என்பதெல்லாம் அவனுக்குத்தான். லமாராவுக்குத் திராட்சைச் சீமையான இந்தக் காகேத்திப் பக்கம் வந்தாலே கால் ஓரிடத்தில் நிற்காது.

அவளுடைய தம்பி பத்ரி, பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பரில், தோட்ட வேலைக்கென்று இந்தப் பக்கம் பஸ் ஏறியவன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு போன் வந்தது. அவ்வளவுதான். துருக்கிக்குப் போயிருப்பான், போலந்துக்குப் போயிருப்பான் என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. பிணவறை பிணவறையாக அவளை அழைத்துப்போய், வாசலில் சிகரெட்டோடு காத்துக் கிடந்தவன் நுக்ஸார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அதனால்தான் இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் எந்த விருந்து நடந்தாலும் பத்ரியால் ஒரு சண்டை வரும். செத்துப் போனவர்களுக்கு என்று ஒரு கோப்பை உயர்த்துவார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு என்று இன்னொரு கோப்பை. அவன் பெயரை எந்தக் கோப்பையில் சொல்வது? அம்மா சியாலா தூரத்துக் கோப்பையில்தான் சொல்வாள். போனவர்கள் வரிசையில் சொல்லிவிட்ட பெரியப்பாவின் முகத்தில் ஒருமுறை ஒயினை வீசியே விட்டாள். லமாரா இரண்டுக்கும் வாயைத் திறக்க மாட்டாள். இருக்கிறானா, இல்லையா? யாராவது ஒரு பதிலைச் சொல்லித் தொலைத்தால் போதும் அவளுக்கு.

அந்த வீடு சாதாரண வீடுதான். இரும்புக் கேட், கொடிப் பந்தல், பந்தலுக்கடியில் நீள மேசை, பிழிந்துபோட்ட திராட்சைத் தோலின் புளிப்பு வாடை. ஆனால் சத்தம்! சமையலறையில் ஒரு ரேடியோ, பந்தல் காலில் ஒரு ரேடியோ, ஒயின் கொட்டகையில் ஒரு ரேடியோ. மூன்றும் மூன்று ஸ்டேஷன்.

"என்ன அண்ணே, கல்யாண வீடா இது?" என்றான் நுக்ஸார்.

"சத்தம் இல்லேன்னா எனக்கு ரொட்டி தொண்டையில இறங்காது தம்பி. வா, வாம்மா நீயும்!" வீட்டுக்காரர் மல்காஸுக்கு அறுபது வயசிருக்கும். மூச்சு விடும் நேரத்தில்கூட இரண்டு வார்த்தை பேசிவிடுகிற மனிதர். அவர் மனைவி எத்தேரி, அவருக்கும் சேர்த்து வாயை மூடியிருந்தாள்.

கொட்டகைக்குள் இருட்டு குளிர்ந்து கிடந்தது. ஆளை விட உயரமான மண் தாழிகள் கழுத்து வரை தரைக்குள் புதைந்திருக்க, வாய்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மல்காஸ் ஒரு மூடியைத் தள்ளி, நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையால் மொண்டு ஊற்றினார். தேன் நிறத்து ஒயின் நாக்கில் துவர்த்தது.

"இதையெல்லாம் எப்படிண்ணே கழுவுறீங்க?"

"ஆளை இறக்கித்தான். மொதல்ல மெழுகுவத்திய விட்டுப் பாப்போம். அணைஞ்சா கெட்ட காத்து. அணையலேன்னா ஆள் இறங்குவான். இறங்கினவன் வாயை மூடக் கூடாது, பாடிக்கிட்டே தேய்க்கணும். மேல ஒருத்தன் காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். பாட்டு நின்னா ஆளு மயங்கிட்டான்னு அர்த்தம். உடனே கயிறை இழுத்துடணும்."

"பாட வராதவன் என்ன பண்ணுவான்?"

"திட்டுவான்! எங்கப்பா மந்திரிங்களைத் திட்டுவாரு. ஒரு தாழிக்கு ஒரு மந்திரி."

லமாராவும் சிரித்தாள். சிரித்தபடியே மூலைக்குப் போனவள், அங்கே ஒரு தாழி வாயின் மேல் காலிப் பெட்டிகளும் சாக்கு மூட்டைகளும் இடுப்பளவுக்கு அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒயின் வாடையே இல்லை. நனைந்து காயாத துணியின் வாடைதான் இருந்தது.

"இதுல என்ன ஒயின்?"

"அது விரிசல் விட்டதும்மா. வாங்க வாங்க, கறி ஆறிடும்." போகிற போக்கில் ரேடியோவைத் திருகி இன்னும் சத்தமாக வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கொடிக்குச்சித் தணலில் வாட்டிய பன்றிக்கறி, அக்ரூட் அரைத்துத் தடவிய கத்திரிக்காய், உப்புப் பாலாடைக்கட்டி, சூடான ரொட்டி. நுக்ஸார் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டான். கோப்பைக்குக் கோப்பை மல்காஸ்தான் வாழ்த்துச் சொன்னார். மற்ற வாழ்த்தையெல்லாம் ரப்பர் மாதிரி இழுத்தவர், போனவர்களின் கோப்பை வந்ததும் எழுந்து, "எல்லாரையும் கடவுள் பாத்துப்பாரு" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்தார். விருந்தாளிகளிடம் உங்கள் வீட்டில் யார் யார் என்று பெயர் கேட்பது வழக்கம். அவர் கேட்கவில்லை. லமாராவுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே, இதென்ன மனிதர் என்றும் இருந்தது.

மூன்று மணி சுமாருக்கு மின்சாரம் போயிற்று.

மூன்று ரேடியோவும் ஒன்றாக வாயை மூடின. எங்கேயோ ஒரு கோழி கேறியது, அதுவும் நின்றது. மல்காஸ் பாதி வார்த்தையில் நிறுத்தி, கரண்டியால் தட்டைத் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக்.

"ரேடியோ போனா என்னண்ணே, நாம இருக்கோமே!" நுக்ஸார் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "ஒரு பாட்டுப் போடுவோம்."

"பாட்டு வேண்டாம் தம்பி," என்றாள் எத்தேரி. வந்ததிலிருந்து அவள் முழுசாகப் பேசியது அதுதான்.

"காகேத்திக்கு வந்து பாடாம போனேன்னு தெரிஞ்சா எங்க தெருவுல என்னைச் சேக்க மாட்டாங்க அக்கா."

கண்ணை மூடி மேல்குரலை எடுத்தான். எல்லாருக்கும் தெரிந்த பழைய விருந்துப் பாட்டு. மேல்குரல், நடுக்குரல், கீழ்க்குரல் என்று மூன்று பேர் பாட வேண்டியது. முதல் அடி தனியாகப் போனது. மல்காஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டையே பார்த்திருந்தார்.

இரண்டாவது அடியில் கீழ்க்குரல் சேர்ந்தது.

மேசையில் வேறு ஆண்கள் கிடையாது.

குரல் கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. தரைக்கடியில் உருண்டு வந்து, நாற்காலிக் கால் வழியாக ஏறி, லமாராவின் உள்ளங்காலில் அதிர்ந்தது. நுக்ஸார் கண்ணைத் திறக்காமலேயே சிரித்து, 'யாரப்பா அது, பிரமாதம்' என்பதுபோல் கையை ஆட்டினான். உடனே மல்காஸ் நடுக்குரலில் பாய்ந்தார். விருந்தில் பாடுகிறவனின் முகமா அது! பின்னால் நாய் துரத்துகிறவனின் முகம். வியர்வை தாடையில் சொட்ட, பாட்டை அவசர அவசரமாக முன்னால் இழுத்துக்கொண்டு ஓடினார்.

எத்தேரி, லமாராவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"அசையாதேம்மா. முடிக்க விட்டுடு. பாதியில நிறுத்தக் கூடாது."

"யாரு பாடறது?"

"முடிஞ்சா அடங்கிடும். பாதியில மட்டும் நிறுத்தவே கூடாது."

லமாரா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்தக் குரல் அரை நொடி பிந்தி வந்தது. மற்ற இருவரும் நிறுத்திய பிறகு, மூச்சிரைக்க ஓடி வந்து சேர்வதுபோல ஒரு கடைசி எழுத்து. 'பஸ் போனப்புறம் ஓடி வர்றியே, கழுதை' என்று வீட்டில் பாடும்போதெல்லாம் அப்பா தலையில் குட்டுவார். குட்டு வாங்கியும் திருந்தாத ஒரே ஒருத்தன்.

அவள் எழுந்துவிட்டாள்.

"பத்ரி!"

நாற்காலி சாய்ந்தது. நுக்ஸார் வாயைத் திறந்தபடி நின்றான். மல்காஸின் குரல் அறுந்தது.

கீழ்க்குரல் மட்டும் தனியாக அரை அடி போனது. துணைக்கு யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல் தயங்கி, நின்றது.

பிறகு கொட்டகையில் ஒரு காலிப் பெட்டி சரிந்து விழுந்தது.

லமாரா ஓடினாள். மூட்டைகளை இழுத்துத் தள்ளினாள், பெட்டிகளை வீசினாள், நகம் பிய்ந்தது. மூடிக்கடியில் தாழி வாய் வரை ஆற்று மணல் நிரப்பியிருந்தது. மணலில் கன்னத்தை வைத்து, "டேய், நான்தான்டா. அக்காடா" என்றாள். மணல் சில்லென்று இருந்தது.

மல்காஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை யாருக்கும் காட்டாமல் பேசினார்.

"நல்ல பையன். வந்து ரெண்டு நாள்தான் ஆயிருந்துது. மேல காவலுக்கு நான்தான் உக்காந்திருந்தேன். அந்த நேரம் பாத்து விருந்தாளிங்க வந்துட்டாங்க. ஒரே ஒரு கோப்பைக்குத்தான் மேசைக்குப் போனேன். போனவங்க கோப்பை. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க, பெரியவர் ஒருத்தர் பேரு பேரா சொல்லிக்கிட்டே போறாரு. நடுவுல பாட்டு நின்னது என் காதுல விழுந்துது. அந்தக் கோப்பையை எப்படிம்மா பாதியில வைக்கிறது? அவரு முடிக்கட்டும்னு நின்னேன்."

"முடிச்சாரா?" என்று கேட்டாள் லமாரா.

"முடிச்சாரு. நான் வந்து பாக்கும்போது கயிறு தளர்ந்து கிடந்துது. ஜெயிலுக்குப் பயந்து மணலைக் கொட்டிட்டேன்."

நுக்ஸார் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அடிக்கவில்லை. ஒரு அடிக்குத் தாங்கும் ஆளாக அவர் தெரியவில்லை.

போலீஸ் வந்தது, மணலை அள்ளியது, எலும்புகளை ஒரு பெட்டியில் கொண்டுபோனது. அப்பாவின் பக்கத்தில் பத்ரியைப் புதைத்தார்கள். சடங்கு விருந்தில் சியாலா தானே எழுந்தாள். போனவர்களின் கோப்பையில் மகன் பெயரைச் சொன்னாள். லமாராவும் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாய்விட்டு அழுதாள். எவ்வளவு துக்கமோ அவ்வளவு நிம்மதியாகவும் இருந்தது அவளுக்கு. அன்றைக்குத்தான், பதினோரு வருஷம் கழித்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

நுக்ஸார் மட்டும் பாடுவதை விட்டுவிட்டான். காரில், குளியலறையில், எங்கேயும் இல்லை. கேட்டால், "தொண்டை சரியில்ல" என்பான். அவள் வற்புறுத்தவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே நல்ல வெயில். நுக்ஸார் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லமாரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எத்தேரி.

"மல்காஸ் போயிட்டாரும்மா."

லமாரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஜாமீன்ல வந்ததுலேர்ந்து அந்தத் தாழி வாய்லயே காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. புதன்கிழமை காலையில அவரே உள்ள இறங்கிட்டாரு. எடுத்து அடக்கம் பண்ணியாச்சு. தாழிக்கு சிமென்ட் போட்டு மூடியாச்சு."

"அதுக்கு என்னை ஏன் கூப்பிடறீங்க?" குரல் கரடுமுரடாகத்தான் வந்தது. அவளால் வேறு மாதிரி பேச முடியவில்லை.

"கீழ இப்போ ரெண்டு பேரும்மா. நீ நிறுத்தின இடம் வரைக்கும் வர்றாங்க, நிக்கிறாங்க. மறுபடி மொதல்லேர்ந்து, மறுபடி அதே இடம். இந்தா, கேளு."

போனைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். கரகரப்புக்கு நடுவில் கேட்டது. பிந்தி வரும் கீழ்க்குரல். அதன் மேலே, மூச்சு வாங்கும் நடுக்குரல். அன்றைக்கு அறுந்த அடிக்கு வந்து இரண்டும் நின்றன.

குளியலறையிலிருந்து நுக்ஸார் அடுத்த அடியை எடுத்தான்.

இரண்டு மாசம் கழித்து அவன் குரல். கணீரென்று, முழுசாக.

லமாரா பாய்ந்து போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். போனில் எத்தேரி அலறினாள்: "நிறுத்தாதே! இந்தத் தடவையாவது முடிக்க விடு!"

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அன்றைக்கு நிறுத்தியவள் அவள்தான். நிறுத்தியதால்தானே இவ்வளவும்? கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். முடியட்டும். முடிந்தால் அடங்கிவிடும் என்று பார்த்தவளே சொல்கிறாள். கதவுக்குள்ளே ஒரு குரல், கையில் இருந்த போனில் இரண்டு குரல், மூன்றும் பிசிறில்லாமல் சேர்ந்து ஏறின. இவ்வளவு அழகாக அந்தப் பாட்டை அவள் கேட்டதே இல்லை. கண்ணீர் தானாக வழிந்தது. கடைசி அடி வந்தது, நீண்டது, ஓய்ந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றாள் எத்தேரி, மெல்ல.

"முடிஞ்சுது."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நுக்ஸார்?"

தண்ணீர் மட்டும்.

"நுக்ஸார், கதவைத் திற. விளையாடாதே."

தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. தோளால் இடித்தாள், மறுபடி இடித்தாள். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் அவள் பாதத்துக்கு வந்தது.

கையிலிருந்த போனில், தூரத்தில், அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

மூன்று பேர்.