பதினாறு நான்கான மர்மம்

காலை பத்து மணிக்கு வந்த அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர்.

"இன்னைக்கு நாலு மணிக்கு ஒருத்தரை வேலைய விட்டு அனுப்பப் போறாங்க சார். புகார் கொடுத்தது நான்தான். ஆனா கையும் களவுமா பிடிக்க முடியல. நீங்க பிடிச்சுக் கொடுக்கணும்."

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூரையே இடிந்து விழுந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். கூடவே திரியும் அவர் மைத்துனன் நேர்மாறு. "என்ன திருடு போச்சு?" என்று அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் போகல. ஒரு எண் மாறுது."

அம்மாள் விளக்கினார். "ஒரு பெரிய சர்வரைப் பிரிச்சு, உள்ளேயே நாப்பது கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம். வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. அதுல ஒண்ணுதான் ஸ்கேன் படங்களை அலசுது. மூணு வாரம் முன்னாடி புது ஸ்கேன் கருவி வந்ததும், கணக்குப் போடற ப்ராசசர் நாலு பத்தலன்னு நானே பதினாறா ஏத்தினேன். தினமும் மதியம் அது நாலா இறங்கிடுது. சாயங்காலம் நான் மறுபடி ஏத்தற வரைக்கும் நோயாளிங்க முடிவுக்காகக் காத்துக் கிடக்கறாங்க."

"யார் மேல சந்தேகம்?" என்றார் நிதானம்.

"மீசை மேல. எங்க ஆபரேட்டர். ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தி நகல் எடுக்கறது அவர் வேலை. அப்போ ரூம்ல அவர் மட்டும்தான். யார் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டரே எழுதற பதிவேட்டுல என் பேர் விழுது, நானோ சாப்பாட்டு அறையில இருக்கேன். என் பாஸ்வேர்டைத் திருடியிருக்கார். ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. அன்னைக்கு எண் மாறறதே இல்ல!"

"மாட்டினார் மீசை!" என்றான் மைத்துனன்.

"ஞாயித்துக்கிழமை மெஷினை யார் நிறுத்தறாங்க?"

"யாரும் நிறுத்தறதில்ல."

நிதானம் மெல்லத் தலையாட்டினார்.

கணினி அறை குளிர்ந்து கிடந்தது. மீசைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே உதடு துடித்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தாலும் திருடன் திருடன்தானே என்று மைத்துனன் மனதைக் கல்லாக்கிக்கொண்டான். பிறகு பதிவேட்டில் எண் மாறிய நேரங்களை உரக்கப் படித்தான். ஒன்று ஐந்து, மூன்றாவது நொடி. மறுநாளும் அதே ஒன்று ஐந்து, மூன்றாவது நொடி. போன வியாழன் மட்டும் ஒன்று முப்பத்தைந்து, மூன்றாவது நொடி.

"வியாழக்கிழமை என்ன ஆச்சு?" என்றார் நிதானம்.

"டாக்டருங்க அவசரமா ஒரு படம் பார்த்துக்கிட்டிருந்தாங்க சார். ஒண்ணு இருபதுக்குத்தான் நிறுத்தினேன்" என்றார் மீசை.

"அப்போ இன்னைக்கும் ஒண்ணு இருபதுக்கே நிறுத்துவோம். மேடம், நீங்களே நிறுத்துங்க. மீசை, நீங்க ஜன்னல்கிட்ட போய்க் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. ஒண்ணு முப்பத்தஞ்சு, மூணாவது செகண்டுல எண் மாறும்."

அம்மாள் நிறுத்தினார். விசைப்பலகையைத் தூக்கி அலமாரிமேல் வைத்தார்கள். திரையில் பதினாறு அப்படியே நின்றது. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. ஒன்று, இரண்டு, மூன்று.

பதினாறு நான்கானது.

யார் கையும் படவில்லை! "அடேங்கப்பா!" என்று மைத்துனன் தன்னையறியாமல் சொன்னான்.

"மனுஷன் கைன்னா ஒரு நாளாவது ரெண்டு செகண்ட் தப்பும்" என்றார் நிதானம். "ஓடிக்கிட்டிருக்கற மெஷினுக்கு ப்ராசசரைக் குறைக்க முடியாது, இல்லையா? அதான் ஞாயித்துக்கிழமை மாறல. அது எப்போ நிக்கும்னு யாரோ அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்க்கறாங்க. மேடம், இங்க தானா ஓடற ப்ரோக்ராம் எதுவும் எழுதினீங்களா?"

அம்மாள் அப்போதுதான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் மெதுவாக. "நாப்பது மெஷினுக்கும் எத்தனை ப்ராசசர்னு ஒரு பட்டியல் எழுதினேன். மாறியிருந்தா பட்டியல்படி திருத்துன்னு ப்ரோக்ராம் போட்டேன். அதுக்குத் தனி லாகின் கணக்கு வாங்க ஒரு மாசம் அலையணும்னு என் பேரையே கொடுத்தேன். அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். இப்போ மெஷினைத்தான் மாத்தினேன், பட்டியலை மாத்தல."

"மூணு வாரம் முன்னாடி வரைக்கும் ரெண்டும் ஒத்துப்போச்சு. அதுக்கு வேலையே வரல" என்றார் நிதானம்.

மைத்துனன் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். இரண்டு வருஷத்தில் முப்பத்தையாயிரம் தடவை! யாரும் நினைக்காமல், யாரும் பாராட்டாமல், அரை மணிக்கொரு தடவை அந்த நாற்பது எண்களையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருக்கிறது. கோயில் கர்ப்பகிருகத்துக்குள் நிற்பதுபோல் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சொன்ன சொல் தவறலையே மாமா!"

"சொன்னவங்கதான் மறந்துட்டாங்க" என்றார் நிதானம்.

அம்மாள் ஜன்னல் பக்கம் போனார். மீசை இன்னும் கட்டிய கையை எடுக்கவில்லை.

"தப்பு என்னோடது. டீன்கிட்ட இப்பவே சொல்லிடறேன். நீங்களும் கூட வாங்க."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம்" என்றார் மீசை. "தினமும் ஒரு மணிக்கு என் கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என்னையும் அறியாம நான்தான் மாத்தறேனோன்னு."

கட்டியிருந்த அந்தக் கைகளை அம்மாள் தானே பிடித்து மெல்லப் பிரித்துவிட்டார்.