கடைசி ரீல்

மாலை 4.10. கார்வின் நகரத்து ரிவோலி தியேட்டரில் திரை வெளுத்தது. படம் நின்றுபோயிருந்தது.

அரங்கில் நானூறு பேர் இருந்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு காலால் தரையைத் தட்டினார்கள். மேலே புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னலிலிருந்து ஆபரேட்டர் வெண்டெல் தலையை நீட்டினான்.

"ஆறாவது ரீலைக் காணோம்! டப்பாவோட காணோம்!"

ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்த போலீஸ் சார்ஜென்ட் லொரெய்ன் ஜுர்கோவுக்கு அன்று விடுமுறை. கையிலிருந்த பாப்கார்னைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தாள். தொண்டை எரிந்தது. அரைமணி நேரமாகவே எரிந்துகொண்டிருந்தது. அதற்கான காரணத்தை நினைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே ஊரில், இதே ஊர்க்காரர்களை வைத்து எடுத்த படம், 'குன்றேறி வந்தவர்கள்'. சுரங்கத்தில் செத்தவர்கள் நடைப்பிணங்களாக எழுந்து ஊருக்குள் வருவார்கள். விடியற்காலையில் ஊரார் அவர்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். உலகமெல்லாம் பார்த்து நடுங்கிய படம். இந்த ஊரின் மகள் பெட்ரா மிஹாலிக் இப்போது அதை மறுபடி எடுத்திருக்கிறாள், முடிவை மட்டும் மாற்றி. பணம் போட்ட படக் கம்பெனிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: இன்று கார்வின் மக்கள் பார்த்து, பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் பெட்ராவின் முடிவு. இல்லையென்றால் கம்பெனியின் முடிவு, அதாவது பழைய துப்பாக்கிச் சூடு.

இன்று ஆறு மணியோடு கெடு முடிகிறது.

பெட்ரா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "முடிவு இருக்கற அந்த ரீலுக்கு வேற காப்பி இங்க இல்ல லொரெய்ன். லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து வரணும்னா நாளைக்கு ஆயிடும். நான் தோத்துட்டேன்."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. எழுந்திரு. எல்லா கதவையும் சாத்தச் சொல்லு."

4.20. லொரெய்ன் மேலே போனாள்.

"எப்ப கடைசியா பாத்த?"

"மூணாவது ரீலை மாட்டினப்ப இருந்துச்சு, சார்ஜென்ட். அப்புறம் கழிப்பறைக்குப் போனேன். சட்டுனு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்த ரேக் பக்கம் திரும்பவே இல்ல. நாலாவது ரீல் பூரா ஜன்னல்லயே நின்னேன். நீங்களும்தான் கீழ இருந்தீங்களே, அந்த நேரத்துல யாருக்குங்க டப்பா ஞாபகம் வரும்?"

புரொஜக்டர் அறைக்கு இரண்டு வழிகள். ஒன்று முன்கூடத்துக்கு இறங்கும். அங்கே ஊர்ப் பெண்கள், இந்த ஊர்க் கல்யாணங்களில் வைப்பதுபோல் ஒரு நீள மேசை நிறைய வீட்டில் சுட்ட குக்கி பிஸ்கட்டுகளை அடுக்கி, காலையிலிருந்து காவல் இருந்தார்கள். அவர்களின் தலைவி டோரத்தி கையை இடுப்பில் வைத்தாள்.

"எங்க கண்ணுல படாம ஒருத்தன் பெரிய டப்பாவைத் தூக்கிட்டுப் போயிருவானா? பாதாம் குக்கியை ஒண்ணுக்கு ரெண்டா எடுத்தவன் யாருன்னே சொல்லுவேன். உன் சித்தப்பாதான்."

மற்றது பின்பக்க இரும்புப் படிக்கட்டு. அது அரங்கின் பின்கதவையும் தாண்டி, கீழே ஆற்றுப் பக்க வாசலுக்கு இறங்கும். படம் ஓடும்போது அந்தப் பின்கதவு வழியாக எழுந்து போனவர்கள் மூன்று பேர் என்று வாசல்காரர் சொன்னார்.

4.30. மேலாளரின் அறையில் லொரெய்ன் மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். எங்கே போனீர்கள் என்று யாரிடமும் எடுத்தவுடன் கேட்கவில்லை. மூவரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"படம் எப்படி இருக்கு?"

முதல் ஆள் நார்மன் ட்ராஸ்க். பேய்ப்படங்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்துபவன், க்ளீவ்லேண்டிலிருந்து வந்தவன். பழைய படத்தை நூறு தடவை பார்த்தவன் என்பதைச் சட்டையிலேயே அச்சடித்திருந்தான்.

"கேவலம். பழசுல இருந்த பயம் எங்க? ரத்தம் ஜாஸ்தி, உசிரு கம்மி. குன்று ஏறுற இடமாவது நல்லா இருக்கும்னு ஆசையா உக்காந்தா, ஒரு வசனம் காதுல விழல. உங்க ஊர்ல தியேட்டருக்குள்ள வாயை மூடவே மாட்டாங்களா மேடம்?"

"மூடமாட்டாங்க. நீங்க எழுந்து போனது?"

"அதுக்கு அப்புறம். ஆஸ்பிரின் போட."

இரண்டாவது ஆளின் பெயர் ஆகி பெட்ரெல்லா. பழைய படத்தில் முதல் நடைப்பிணம் இவர்தான். வயது எழுபத்தொன்று. இந்தப் படத்தைக் கொளுத்தப் போவதாக ஊர்ப் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருந்தார். வெளியே நின்றவர்கள் எல்லோரும் அவரைத்தான் குற்றவாளியாகப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கா? நான் எங்க பாத்தேன்? என் வேஷத்துல எவனோ ஒரு பையன் வரப்போறான்னு தெரிஞ்சதும் எழுந்துட்டேன். ஆத்து வாசலுக்கு வெளிய நின்னு சிகரெட் பிடிச்சேன். போலீஸ்காரி, எழுதிக்கோ. சிகரெட் கெட்ட பழக்கம்."

"எவ்வளவு நேரம் அங்கேயே நின்னீங்க?"

"படம் நிக்கற வரைக்கும். உள்ள போகத் தோணல." கிழவர் தொப்பியைச் சுழற்றினார். "என் பேரைச் சொல்லிக் கத்தினாங்க, தெரியுமா? சுவர் தாண்டிக் கேட்டுச்சு. நான் இன்னும் சாகல, அந்தப் பசங்களுக்குச் சொல்லு."

மூன்றாவது ஆள் கிரெக் ஹாலோவே. கம்பெனியின் ஆள், ஆனால் பெட்ராவின் தோழன். அவளுடைய முடிவுக்காகக் கம்பெனியோடு சண்டை போட்டவன் என்று பெட்ராவே சொல்லியிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"இது அநியாயம் சார்ஜென்ட். எவ்வளவு நல்லா போயிட்டிருந்துச்சு! இந்த மாதிரி முன்காட்சி எத்தனையோ பாத்திருக்கேன். மூணாவது வரிசையில ஒரு அம்மா அழுதாங்க. செத்தவங்க குன்று ஏறி வர்ற இடத்துல பாருங்க, ஒருத்தர் பாப்கார்ன் கூட மெல்லல. அப்படி ஒரு அமைதி. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு."

"நீங்களும் எழுந்து போனீங்களாமே?"

"ஆரம்பத்துல ஒரு போன் பண்ண. உடனே வந்துட்டேன்."

"நன்றி. வெளிய இருங்க."

கதவு சாத்தியதும் லொரெய்ன் நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இத்தனை நாள் மூடிவைத்திருந்த ஏதோ ஒன்றும் நெஞ்சுக்குள் அசைந்தது. பழைய படத்தில் குன்று ஏறி வருபவர்களில் மூன்றாவது ஆள், சாப்பாட்டு வாளியோடு நடப்பவர், அவளுடைய அப்பா ஸ்டீவ். படம் எடுத்த அடுத்த குளிர்காலத்தில் சுரங்கத்தில் போனவர். ஒவ்வொரு வருஷமும் ரிவோலியில் அந்தப் படத்தைப் போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால், போய்விட்டவர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். இன்று வாளியோடு நடந்தவன் யாரோ ஒரு அந்நியன். ஆனால் அந்த வாளியின் ஆட்டத்தைப் பார்த்ததும் அவளையறியாமல் குரல் வெளியே வந்துவிட்டது.

4.55. எல்லோரையும் முன்கூடத்துக்கு வரவழைத்தாள்.

"டப்பா இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு. முன்னாடி டோரத்தி. பின்னாடி ஆகி. ரெண்டு பேரையும் தாண்டி அது வெளிய போயிருக்க முடியாது."

"ஆகியே எடுத்திருந்தா?" என்றது ஒரு குரல்.

"ஆகி படம் பாக்கலன்னு சொன்னார். ஆனா குன்று சீன்ல என்ன நடந்துச்சுன்னு சரியா சொன்னார், வெளிய நின்னுக்கிட்டே. நார்மனும் சொன்னார், திட்டிக்கிட்டே. உள்ள உக்காந்து முழுசா பாத்தேன்னு சொன்ன ஒருத்தருக்கு மட்டும் அது தெரியல." அவள் கிரெக் பக்கம் திரும்பினாள். "அமைதியா இருந்துச்சாமே?"

டோரத்திதான் முதலில் வெடித்துச் சிரித்தாள்.

"அமைதியா? நாங்களா?"

"மிஸ்டர் ஹாலோவே, அந்தச் சீன் வந்தா இந்த ஊர்ல எல்லாரும் அவங்கவங்க ஆளோட பேரைச் சொல்லிக் கத்துவாங்க. அப்பா, மாமா, தாத்தா. பழைய படத்துக்கும் அப்படித்தான். பெட்ரா அதே உடுப்புல, அதே வரிசையில ஆளுங்களை நடக்க விட்டிருக்கா, அதனால இன்னைக்கும் அதே கூத்து. கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. என் தொண்டையைப் பாருங்க. வெண்டெல் ஜன்னலை விட்டு நகராததும் அதுக்காகத்தான். நீங்க இந்தப் படத்தை லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு சின்ன அறையில தனியா பாத்திருக்கீங்க. அங்க அமைதியாத்தான் இருந்திருக்கும்."

"நான்... கவனிக்கல..."

"ஆத்தோரத்துல நின்னவருக்கே கேட்டுச்சு. இந்தக் கட்டடத்துல அது கேக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான். மேடைக்கு அடியில பழைய நிலக்கரிக் கிடங்கு. அங்க கட்டடத்தைச் சூடேத்துற விசிறி போடற இரைச்சல்ல இடி விழுந்தாலும் தெரியாது. வெண்டெல் எழுந்து போனதும் டப்பாவை எடுத்தீங்க. ஆத்து வாசல்ல ஆகி நிக்கறதைப் பாத்துட்டு, இன்னும் ஒரு தளம் கீழ, அந்தக் கிடங்குக்கு இறங்கினீங்க. அவர் போவார்னு காத்திருந்தீங்க. அவர் போகல. சத்தமெல்லாம் அடங்கினப்புறம்தான் உங்க சீட்டுக்கு வந்தீங்க."

வெண்டெல் ஏற்கெனவே ஓடியிருந்தான். கரி படிந்த முழங்கைகளோடு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான்.

பெட்ரா கிரெக்கையே பார்த்தாள். "நீதானே எனக்காக அவங்களோட சண்டை போட்ட?"

"உங்க ஊரு இந்தப் படத்தை விரட்டிரும்னு நினைச்சுத்தான் ஒப்பந்தத்துல கை தூக்கற அந்த வரியை நானே எழுதினேன்," என்றான் அவன் மெல்ல. "முதல் அரைமணியிலயே தெரிஞ்சுபோச்சு, விரட்ட மாட்டாங்கன்னு."

5.10. ஆறாவது ரீல் ஓடியது.

விடியற்காலை. ஊரார் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். இறந்தவர்கள் யாரையும் கடிக்கவில்லை. ஆளுக்கொரு வீட்டுக்குப் போய், தங்கள் பழைய கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாளில் கை வைக்கிறார்கள். திரை இருள்கிறது. இருட்டுக்குள் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகும் ஓசை மட்டும்.

விளக்கு எரிந்தது. ஒருவரும் பேசவில்லை. கிரெக் பொய்யாகச் சொன்ன அந்த அமைதி இப்போதுதான் வந்திருந்தது.

லொரெய்ன் அவனை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "கம்பெனி சார்புல சாட்சி நீங்கதானே? எண்ணுங்க."

கைகள் எழுந்தன. முதலில் முன்வரிசையில், பிறகு பால்கனியில், பிறகு எல்லா இடத்திலும். டோரத்தி இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கச் சொன்னதும் முறைத்தாள். நார்மன் ட்ராஸ்க் சட்டையில் இருந்த எழுத்தைக் கோட்டால் மூடிக்கொண்டு, அரைமனசாக ஒரு கையை உயர்த்தினான். கிரெக் எண்ணிக்கொண்டே போய், பாதியில் விட்டுவிட்டான். பெட்ரா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் மடியில் கிடந்தது. ஆகி பெட்ரெல்லா உள்ளே வந்து எப்போது உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்குப் பிடிக்கலையா ஆகி?" பெட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

கிழவர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு இடத்துல தப்பு இருக்கு," என்றார். "முதல் ரீல்லேர்ந்து மறுபடி போடச் சொல்லு. காட்டறேன்."