பச்சை டேப் ஒட்டிய பெட்டி

"பிடுங்குங்க அந்தச் சார்ஜரை! இனிமே இந்தப் பிளக்ல யாரும் எதையும் சொருகக் கூடாது!"

எங்கள் குடியிருப்பின் செயலாளர் மாமா படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினார். அன்று மதியம் மின்னல் வெட்டியபோது பல வீடுகளில் டிவி கருகிவிட்டது. தண்ணீர் மோட்டாரும் போய்விட்டது. பழி மட்டும் என் அண்ணன் தலையில் விழுந்தது.

அண்ணனால் நடக்க முடியாது. பேட்டரி சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கூடம் போகிறான். அது எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாது. அதனால் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தித்தான் சார்ஜ் போடுவோம்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, மின்னல் வெட்டினப்ப நாற்காலி ஸ்கூல்ல இருந்துச்சு! சார்ஜர் அண்ணன் பையில இருந்துச்சு!"

"மின்னலைத் தடுக்கத்தான் மீட்டர் ரூம்ல ஒரு பெட்டி இருக்கே பாப்பா. அது பச்சையா, நல்லாத்தான் இருக்கு. அப்போ கோளாறு இந்தச் சார்ஜராலதான். பெரியவங்க பேசும்போது வாயை மூடிட்டு இரு."

வாயை மூடினேன். உள்ளுக்குள் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது, சார்ஜ் தீர்ந்து நாற்காலி கேட் அருகிலேயே நின்றுவிட்டது. அப்பா அண்ணனை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்.

"நாளைக்கு நான் எப்படிப்பா போறது?" என்று அண்ணன் கேட்டான்.

நான் நேராக மீட்டர் அறைக்கு ஓடினேன். கருகிய மோட்டார் இணைப்பைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் அக்கா மெயினை அணைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். செயலாளர் மாமாவும் அங்கே இருந்தார்.

"அக்கா, மின்னலைத் தடுக்குற பெட்டி எது?"

"இதுதான். கரண்ட் திடீர்னு எகிறினா, இது வாங்கி மண்ணுக்குள்ள அனுப்பிடும். ரொம்பப் பெரிய அடி வாங்கினா செத்துப் போயிடும். அப்போ இந்தச் சின்ன ஜன்னல் சிவப்பாயிடும். உடனே மாத்தணும்." அக்கா டார்ச் அடித்துக் காட்டினார். "இது பச்சையாத்தானே இருக்கு."

"நான்தான் சொன்னேனே!" என்றார் மாமா.

நான் வாசலில் நின்றபடியே உற்றுப் பார்த்தேன். பச்சையின் ஓரம் சுருண்டிருந்தது. ஜன்னலுக்கு எங்காவது ஓரம் சுருளுமா?

"அக்கா, அது டேப்!"

அக்கா நகத்தால் உரித்தார். உள்ளே பளிச்சென்று சிவப்பு.

"யார் பார்த்த வேலை இது?"

மாமா தலையைச் சொறிந்தார். "போன மழையிலேயே சிவப்பாயிடுச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் ஏன் சிவப்பு, ஏன் சிவப்புன்னு என் உயிரை எடுத்தாங்க. அதான்..."

"காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை ஒளிச்சு வைப்பீங்களா சார்?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவ்வளவும் தெரிஞ்சுதான் எங்கண்ணன் மேல பழி போட்டீங்களா மாமா? அவன் உங்களுக்கு என்ன பண்ணினான்?"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "மன்னிச்சிடு பாப்பா. புதுப் பெட்டி இன்னைக்கே மாட்டிடலாம்."

"என்கிட்ட வேண்டாம். அண்ணன்கிட்ட சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொன்னார். மாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, எங்கள் வாசலில் நின்று சொன்னார். அண்ணன் கேட் பக்கம் கையைக் காட்டினான்.

"சரி மாமா. ஆனா என் நாற்காலி கேட் பக்கத்துலயே நிக்குதே?"

சார்ஜ் இல்லாவிட்டால் அந்த நாற்காலி யானைக் கனம் கனக்கும். புதுப் பெட்டி மாட்டி மெயினைப் போட்டதும், மாமா நாற்காலியை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்து, தன் கையாலேயே பிளக்கைச் சொருகினார்.