ஈரத் தரையில் ஒன்பது மில்லிமீட்டர்

ஏழடி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடப்பவள், யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்பக் கூடாது.

அவள் திரும்பினாள்.

"அக்கா, ஃபைலை மறந்துட்டீங்க!" என்று வேன் டிரைவர் பின்னாலிருந்து கத்தியதுதான் காரணம். அவள் ஒரு பக்கம் திரும்ப, ஏணியின் வால் இன்னொரு பக்கம் சுழல... "ஐயோ!" என்று ஒரு குரல். கறுப்புக் குடை ஒன்று பறந்துபோய் நடைபாதை ஓரம் மல்லாந்து விழுந்தது.

குடைக்குச் சொந்தக்காரன் நனைந்துகொண்டே நின்றான். முப்பது வயதிருக்கும். நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே... அந்தக் கண்கள்! கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்கிற கண்கள். இமையில் தங்கிய ஒற்றை மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"திரும்பறதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடிக்கக் கூடாதுங்களா?"

"ஏழடி ஏணி... இதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

"முன்பக்கம் நல்லாத் தெரிஞ்சுது. பின்பக்கம் வந்து அடிக்கும்னுதான் நினைக்கல."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவன் சிரித்ததும் மன்னிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. "வேற குடை வாங்கித் தர்றேன்" என்றாள் விறைப்பாக.

"அதெல்லாம் வேண்டாம். ஏணி எங்க போகுது?"

"சோதனைக்கூடத்துக்கு. ரெண்டாவது மாடி. லிஃப்டுல நுழையாது."

அவன் சிரிப்பு மெல்ல அணைந்தது. "ஓ..." என்றான். ஏணியின் பின்முனையைத் தூக்கிக்கொண்டான். இரண்டு மாடி ஏறி முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன மனுஷன் இவன்... இப்போ வெயில், இப்போ மேகம்!

அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்தது. வெள்ளைக் கோட்டும் கையில் அட்டையுமாக, அவள் ஏணிக்கு எதிரே சோதிக்க வந்து நின்றவன் அவன்தான்.

அந்த ஏணியில் அவளுடைய இரண்டு வருஷம் இருந்தது. அப்பா ஆரம்பித்த பட்டறை. அலுமினிய மடக்கு ஏணி செய்வதுதான் தொழில். அப்பா போன பிறகு அவளும் அண்ணனும் நடத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் பெயின்ட் அடிப்பவர்கள், ஒயரிங் வேலை பார்ப்பவர்கள் என்று வாடிக்கைக்குக் குறைவில்லை. அது போதும் என்பது அண்ணன் கட்சி. போதாது என்பது அவள் கட்சி. தப்பும் தவறுமான இங்கிலீஷில் எத்தனையோ நாட்டுக் கடைகளுக்குக் கடிதம் எழுதினாள். கடைசியில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, நாற்பது கிளைகள் வைத்திருக்கும் ஒரு ஹார்டுவேர் நிறுவனம் பதில் போட்டது. அறுநூறு ஏணி வேண்டும். ஒரே நிபந்தனை... அவர்கள் நாடு ஒப்புக்கொள்ளும் சான்றிதழ், மாதக் கடைசிக்குள் கையில் இருக்க வேண்டும்.

சோதனை மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு அவள் அசையவில்லை. நூற்றைம்பது கிலோ ஏற்றினார்கள்... தாங்கியது. முறுக்கினார்கள்... தாங்கியது. ஆயிரக்கணக்கான தடவை விரித்து மடக்கினார்கள்... கீல் ஒன்றுகூட முனகவில்லை. கடைசியாக, நனைத்த கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி இழுத்தார்கள்.

"அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல நகரக் கூடாதுங்க" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "உங்களுது ஒன்பது."

"நாலு மில்லிமீட்டர்ல என்ன குடி முழுகிடும்?"

"மேல நிக்கிறவர் விழுந்துடுவார்."

அவன் சொன்னது நியாயம்தான். அதனாலேயே கோபம் வந்தது. போகிற போக்கில், "ரொம்ப நன்றி, ஃபெயில் சார்!" என்றாள்.

அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

வீட்டில் அண்ணன் காத்திருந்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே! அந்தப் பெரிய ஏணிக் கம்பெனிக்காரங்க இன்னமும் கேட்டுட்டு இருக்காங்க. நாம செஞ்சு குடுத்தா போதும். அவங்க பேரை ஒட்டி, அவங்களே எல்லா நாட்டுலயும் வித்துக்குவாங்க. உனக்கு எதுக்குடி இந்தத் தலைவலி?"

"நம்ம பேரு இல்லாம ஒரு ஏணிகூடக் கடல் தாண்டாது, அண்ணா."

"மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் அவங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடுவேன். பாத்துக்கோ."

"போடேன் பாக்கலாம்!"

அன்றிலிருந்து ஏணியின் காலில் மாட்டும் ரப்பரோடு மல்லுக்கட்டினாள். வேறு ரப்பர், வேறு அளவு. இரண்டாம் தடவை கொண்டுபோனாள். அளவு காட்டும் முள் ஏழில் நின்றது. மூன்றாம் தடவை... ஆறில். ஒவ்வொரு தடவையும் கீழே டீக்கடையில் அவன் இருப்பான். தற்செயலாகத்தான் என்று இருவருமே நம்பினார்கள்.

"ஃபெயில் சார், ஒரே ஒரு யோசனை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"சொல்லக் கூடாதுங்க. சொன்னா அது என் ஏணி ஆயிடும். அப்புறம் அதை நானே எப்படிச் சோதிக்கிறது?"

"சொல்லாதீங்க. நானே கண்டுபிடிப்பேன்."

"கண்டுபிடிப்பீங்க" என்றான். சும்மா சொல்லவில்லை... நம்பிச் சொன்னான். அந்த நம்பிக்கை அவளை என்னவோ செய்தது. டீ ஆறியதுகூடத் தெரியவில்லை. சீ... இதென்ன புதுசா?

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. மழை விட்டபாடில்லை. டீக்கடையிலிருந்து இருவரும் ஓடி வந்து வாசல் படியில் ஏறினார்கள். ஈரமான டைல்ஸில் அவள் கால் வழுக்கியது. அவன் சட்டென்று முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். ஒரு கணம்தான்... மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் கண்கள் ரொம்பப் பக்கத்தில் இருந்தன.

வேறு பெண்ணாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். இவள் கீழே பார்த்தாள்.

"நீங்க ஏன் வழுக்கல?"

"என்னது?"

"அதே படி. அதே தண்ணி. நான் வழுக்கினேன், நீங்க வழுக்கல. காலைத் தூக்குங்க!"

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். தூக்குங்க!"

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான், பாவம். அவள் குனிந்து அந்த ஷூவின் அடிப்பாகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மெத்தென்ற ரப்பர். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெட்டுகள். தண்ணீர் ஓடி வெளியேற வழி! அவளுடைய ரப்பரோ கல்லாட்டம் வழவழவென்று இருந்தது. அடியில் மாட்டிய தண்ணீர் எங்கே போகும்?

"ஃபெயில் சார்..." அவள் முகம் முழுக்க வெளிச்சம். "நீங்க ஒன்னும் சொல்லல. ஞாபகம் வெச்சுக்கோங்க!"

மழையிலேயே ஓடினாள். அவள் ஓடிப்போன திசையைப் பார்த்தபடி, அவன் காலை இறக்கக்கூட மறந்து நின்றான்.

ஐந்தாம் நாள் புதுக் கால்களோடு ஏணி வந்தது. அண்ணனும் வந்தான். பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டே வந்தான். ஆனால் வெள்ளைக் கோட்டில் நின்றது கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"அவர் எங்கே?" என்றாள்.

"இந்த ஃபைலை இனிமே தொட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா. நான்தான் பார்க்கப் போறேன்."

தொட மாட்டானாமா? அவ்வளவு தொந்தரவாகவா போய்விட்டேன்... சரி, போகட்டும். யார் சோதித்தால் என்ன? கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிப் பலகையில் தண்ணீரை ஊற்றினார்கள். இழுவை ஏறியது. அண்ணன் முள்ளைப் பார்த்தான். அவள் ஏணியைப் பார்த்தாள்.

இரண்டு. அதற்குமேல் நகரவே இல்லை.

"பாஸ்" என்றார் அந்த அம்மா. "ஈரத்துல இப்படி நிக்கிற ஏணியை நான் அதிகம் பார்த்ததில்லை."

அண்ணன் ஒப்பந்தத்தைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான். பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்துலயே போடு" என்று முணுமுணுத்துவிட்டு வேனுக்குப் போனான்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று நடந்து, மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலோரம் நின்றவனைப் பிடித்தாள்.

"நான் உங்ககிட்டத் தயவு கேட்டேனா?"

"இல்ல."

"சலுகை கேட்டேனா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்புறம் ஏன் ஃபைலை உதறிட்டுப் போனீங்க? என் முகத்தைப் பாக்கவே பிடிக்கலையா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"போன தடவை முள் ஆறுல நின்னுச்சு... ஞாபகம் இருக்கா? அஞ்சுன்னு எழுதிடலாமான்னு ஒரு நொடி தோணுச்சுங்க." அவளைப் பார்க்காமலே சொன்னான். "எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். அப்படித் தோணினதே இல்ல. அன்னிக்கு ராத்திரி தூங்கல. உங்க ஏணியைச் சோதிக்கிற தகுதி எனக்குப் போயிடுச்சு... ஏன்னா, நீங்க ஜெயிக்கணும்னு உங்களைவிட எனக்கு ஆசையா இருந்துச்சு."

அவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதை... அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடி சொன்னா, நீங்க ஜெயிச்சது என்னாலன்னு நாலு பேர் பேசுவாங்க. இது உங்க ஜெயம். முழுசா உங்களுது."

மழை கொட்டியது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அழுகையாம்! இவளுக்கா!

"நான் அடுத்த மாசம் அங்க போறேன். மூணு மாசம். நாற்பது கடையிலயும் ஏணியை விரிச்சு, நானே ஏறி நின்னு காட்டப் போறேன்."

"போங்க."

"போகாதேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"அந்த மாட்டேன்தாங்க எனக்குப் பிடிச்சிருக்கு. திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே இருப்பேன்."

அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை எதையும் ஆராயவில்லை. வெறுமனே பார்த்தாள்... ரொம்ப நேரம்.

"கீழ வேன்ல எங்க அண்ணன் இருக்கான். இப்பவே சொல்லிடலாம்."

"இப்பவேவா? அவர் என்ன சொல்லுவார்?"

"முடியாதுன்னுதான் சொல்லுவான். எதுக்கும் அவனோட முதல் வார்த்தை அதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... நான் முடிவு பண்ணிட்டேன். இனி அவன் பாடு." அவன் கையைப் பற்றி இழுத்தாள். "வா."

வாங்க என்றுதான் வாயெடுத்தாள். எப்படியோ வா என்று வந்துவிட்டது. இருவர் காதிலும் அது விழுந்தது. இருவருமே திருத்தவில்லை.