பழைய மோட்டாரின் இருமல்

வாயாடியின் வீடு பாலத்தை ஒட்டியே இருந்தது. வாயாடி என்பது அவளுடைய பெயர் அல்ல. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அவளுடைய அம்மாதான் அந்தப் பாலத்தை இயக்குபவர். அது திறந்து மூடுகிற பாலம். ஆற்றில் உயரமான படகு வந்தால் இந்தக் கரைப் பாதியும் அந்தக் கரைப் பாதியும் மேலே எழும். படகு போனதும் இரண்டும் இறங்கி நடுவில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கரை ஒரு நாடு. அந்தக் கரை இன்னொரு நாடு. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மின்சாரம். அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் பூதம். அடுப்பு ஊத ஒரு குட்டிப் பூதம், துணி துவைக்க ஒரு தண்ணீர்ப் பூதம், மாடிக்குத் தூக்கிப்போக ஒரு நெட்டைப் பூதம். தூரத்தில் இருப்பவர்களோடு பேச அவர்கள் சங்கு வைத்திருந்தார்கள். சங்கில் பேசினால் இன்னொரு சங்கில்தான் கேட்கும். போனில் பேசினால் இன்னொரு போனில்தான் கேட்கும். அதனால் இரண்டு நாட்டுக்காரர்களும் பேசிக்கொள்வதே அபூர்வம்.

‘நம் அண்டை நாட்டினர் நம்மைவிட நூறு ஆண்டுகள் பின்தங்கியவர்கள்’ என்று வாயாடியின் பாடப் புத்தகத்தில் இருந்தது. அந்தக் கரைப் பாடப் புத்தகத்திலும் அதே வரி இருக்கிறதாம். அப்பாதான் சொன்னார். அவருக்கு அந்தக் கரையில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை.

“காலையில நூறு வருஷம் பின்னாடி போறேன். சாயங்காலம் மறுபடியும் நூறு வருஷம் பின்னாடி வர்றேன். எனக்கு வயசே ஆகாது, பாரு!” என்று அவர் சிரிப்பார்.

பாலத்தின் இந்தப் பாதியைத் தூக்குவது மோட்டார். அந்தப் பாதியைத் தூக்குவது ஒரு பெரிய பூதம். அந்தக் கரைத் தூணுக்குள் ஒரு குழி உண்டு. அதற்குள் நின்றபடி பூதம் தோளால் பாலத்தைத் தூக்கும். வாயாடி அதைப் பார்த்ததில்லை. அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறார்.

“இருட்டுக்குள்ள கண்ணை மூடிட்டு நிக்குது. பாவம், ரொம்ப சாது” என்றார்.

ஒருநாள் மத்தியானம் மணல் படகு ஒன்றுக்காகப் பாலம் திறந்தது. படகு போயிற்று. பாலத்தை இறக்க அம்மா பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஒருமுறை முனகியது. கருகிய வாடை வந்தது. அவ்வளவுதான், மோட்டார் நின்றுவிட்டது.

அது கிழட்டு மோட்டார். இரண்டு கரையிலும் கேட்கும்படி உறுமிக்கொண்டேதான் பாலத்தைத் தூக்கும், உறுமிக்கொண்டேதான் இறக்கும். அதற்குப் பதிலாகப் புது மோட்டார் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். கழுத்தில் டை கட்டிய பொறியாளர் ஆட்களோடு வந்து, பொழுது சாய்வதற்குள் அதைப் பொருத்திவிட்டார்.

“இப்ப இதோட சத்தத்தைக் கேளுங்க” என்று பொத்தானை அழுத்தினார்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

“அதேதான்!” என்றார் பொறியாளர் பெருமையாக.

புது மோட்டார் இந்தப் பாதியைப் பூப்போல இறக்கி வைத்தது. ஆனால், அந்தப் பாதி இறங்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

வேலை முடிந்து வந்த அப்பா அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டார்.

மறுநாளும் பாலம் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படகில் ஆற்றைக் கடக்கலாம் என்றால், இரண்டு நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. யாரானாலும் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அப்பா கரையில் நின்று துண்டை ஆட்டினார். வாயாடி இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

“அப்பா! சாப்பிட்டீங்களா? எங்க தூங்குனீங்க? பாப்பாவுக்குப் பல்லு வருது!”

அவள் சொன்னதில் பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. மீதியை ஆறு விழுங்கிவிட்டது. அப்பா மறுபடியும் துண்டை ஆட்டினார்.

வீட்டில் தம்பிப் பாப்பா வேறு தூங்காமல் படுத்தினான். மத்தியானம் பாலம் திறந்து மூடும் நேரமானால் எப்போதும் தானாகவே தூங்கிவிடுகிறவன், இப்போது வீல் வீலென்று கத்தினான்.

“நான் பாலத்துக்குப் போகணும், அந்தப் பக்கத்துலேர்ந்து பேச வர்றாங்க. கொஞ்சம் இவனைத் தூங்க வையேன்மா” என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

வாயாடி கதை சொன்னாள். பாட்டுப் பாடினாள். பாப்பா நிறுத்தவில்லை.

“உனக்கு என்னதான்டா வேணும்? கிழட்டு மோட்டாரா? கிர்ர்ர்ர்ர்...” என்று கோபத்தில் உறுமினாள்.

பாப்பா சட்டென்று அழுகையை நிறுத்தினான். அவள் உறுமிக்கொண்டே இருந்தாள். அவன் கண்கள் மெல்லச் சொருகின. அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் பொட்டென்று விழித்துக்கொண்டான்.

“அட! பிறந்ததிலேர்ந்து அந்தச் சத்தத்துலதான் தூங்கியிருக்கே. அது நின்னதும் உனக்கு ஒண்ணுமே புரியல, இல்ல?”

சொல்லிவிட்டு வாயாடி அப்படியே நின்றாள். அந்தச் சத்தம் நின்றதும் வேறு யாருக்கு ஒன்றும் புரியாமல் போயிருக்கும்?

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

அங்கே பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டிலிருந்து பூதக்காரர் வந்திருந்தார். பூதத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். பேச்சுவார்த்தைக்காக அவரை மட்டும் அரசாங்கப் படகில் வர விட்டிருந்தார்கள்.

“உங்க பூதத்துக்கு வயசாயிடுச்சுங்க. பேசாம எங்ககிட்ட ஒரு மோட்டார் வாங்கிப் போடுங்க” என்றார் பொறியாளர்.

“எங்க பூதம் ஒருநாள் கருகிப்போய் நின்னிருக்கா? புதுசா என்னத்தையோ கொண்டுவந்து வெச்சு அதைக் கோவப்படுத்திட்டீங்க!” என்றார் பூதக்காரர்.

“கோவம்னு அது சொல்லிச்சா?”

“தோள்ல சுமை இருக்கும்போது பூதம் பேசாது. பல்லைக் கடிச்சுட்டு நிக்கும்.”

“சண்டை போடாதீங்க” என்றார் அம்மா. “இன்னிக்கும் பாலம் இறங்கலைன்னா, கழட்டிப் போடச் சொல்லி ரெண்டு பக்கமும் உத்தரவு வந்திருக்கு. அப்புறம் எல்லாரும் மலையைச் சுத்தித்தான் வரணும். என் வீட்டுக்காரர் வந்து சேர ஒரு மாசம் ஆகும்.”

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் வாயாடி உள்ளே நுழைந்தாள்.

“மாமா, அது மூணு நாளாத் தூக்கிட்டேவா நிக்குது? தோள் வலிக்காதா?”

பூதக்காரரின் முகம் சுருங்கியது. இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

“வலிக்கும்மா. சாப்பிடவும் மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இறக்கு சாமி, இறக்கு சாமின்னு கெஞ்சிப் பாத்துட்டேன்.”

“வழக்கமா எப்ப இறக்கணும்னு யார் சொல்லுவாங்க?”

“யாரும் சொல்ல வேண்டாம். எங்க பூதத்துக்கு எல்லாம் தானாவே தெரியும்.”

“இருட்டுல கண்ணை மூடிட்டு நிக்கிற பூதத்துக்கு, எங்க பக்கம் இறங்குதுன்னு எப்படி மாமா தெரியும்?”

பூதக்காரர் ஜன்னல் வழியாக அந்தக் கரைத் தூணைப் பார்த்தார்.

“அது மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் தூக்குது, இறக்குது” என்றாள் வாயாடி. “அன்னிக்குத் தூக்குற சத்தம் கேட்டுச்சு, தூக்கிடுச்சு. இறக்குற சத்தம் வரவே இல்ல. மோட்டார் இன்னும் தூக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சு, அதுவும் கூடவே நிக்குது.”

“எங்க பூதம் உங்க துருப்பிடிச்ச மோட்டார் பேச்சைக் கேட்டு நடக்குதுன்னா சொல்றே?” என்று பூதக்காரர் எழுந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, மெதுவாக உட்கார்ந்தார். “இருந்தாலும் இருக்கும்” என்றார் சின்னக் குரலில்.

பொறியாளர் தலையைச் சொறிந்தார். “ஆனா அந்த மோட்டாரை அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சே. உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல!” என்றாள் வாயாடி. பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படகுகளுக்கு அறிவிப்புச் சொல்லும் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். வெளியே ஆற்றைப் பார்த்துப் பெரிய ஒலிபெருக்கி இருந்தது. அம்மா பொத்தானைத் தட்டிவிட்டார்.

“கிர்ர்ர்ர்ர்...”

அந்தக் கரைப் பாதி அசைந்தது. ஆனால் கீழே இல்லை, இன்னும் மேலே!

“ஐயோ, இது தூக்குற சத்தம்!” என்று பதறினார் அம்மா. “இறக்கும்போது கட்டையா ஆரம்பிக்கும்மா. நடுவுல கடகடங்கும்.”

வாயாடி கண்ணை மூடி ஞாபகப்படுத்திக்கொண்டாள். அடித் தொண்டையிலிருந்து ஆரம்பித்தாள்.

“குர்ர்ர்ர்ர்... கடகட... குர்ர்ர்ர்ர்...”

பாலம் இறங்கத் தொடங்கியது. மெல்ல, மிக மெல்ல. கிழட்டு மோட்டார் அவசரப்படாத மோட்டார். வாயாடியின் முகம் சிவந்தது. தொண்டை எரிந்தது. மூச்சு முட்டி, ‘கொக் கொக்’ என்று இருமிவிட்டாள்.

பாலம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அம்மா மைக்கைப் பிடுங்கினார். “குர்ர்ர்ர்ர்...” பாலம் மறுபடி இறங்கியது. இத்தனை வருடம் கூடவே இருந்தவர் அல்லவா, அச்சு அசல் அதே உறுமல். ஆனால் அவருக்கும் மூச்சு தீர்ந்துகொண்டே வந்தது. கண்ணாலேயே பொறியாளரைக் கூப்பிட்டார்.

“நானா?” என்று பொறியாளர் பின்வாங்கினார். ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். டையைத் தளர்த்தினார்.

“குர்ர்ர்ர்ர்!”

“கடகட விட்டுட்டீங்க” என்று காதில் கிசுகிசுத்தார் பூதக்காரர்.

“கடகட! குர்ர்ர்ர்ர்!”

அடுத்து பூதக்காரரே மைக்கைப் பிடித்தார். அவர் குரல்தான் எல்லாவற்றிலும் கட்டை. அவர் உறுமி முடிக்கும்போது இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது.

“கடைசியில டொக்குனு ஒரு சத்தம் வரும்!” என்றாள் வாயாடி கரகரத்த குரலில். மைக்குக்குக் கிட்டே போய் நாக்கைச் சொடுக்கி, “டொக்!” என்றாள்.

பாலம் ஒட்டிக்கொண்டது.

அம்மாவின் தோளில் பாப்பா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கரையில் காத்திருந்த கூட்டம் பாலத்தின்மேல் ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் அப்பா ஓடிவந்தார். வாயாடி அவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

“என்னாச்சு இவளுக்கு? வாயாடி பேசாம நிக்கிறா!” என்று அப்பா பயந்துபோனார். நடந்ததை அம்மா சொல்லி முடிப்பதற்குள் வீடே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பொறியாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். புது மோட்டார் ஓடும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் பழைய சத்தம் கேட்க வேண்டுமாம். வாயாடிக்குத் தொண்டை சரியானதும் அவள் குரலைப் பதிவு செய்யலாம், அதுவரை தானே உறுமுவதாக ஒப்புக்கொண்டார். இரவு முழுக்க வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறார்.

அவர் போன சிறிது நேரத்தில் பூதக்காரர் பாலத்தைக் கடந்து நடந்தே வந்தார்.

“பூதம் சாப்பிட்டுச்சும்மா. தோளுக்கு எண்ணெய் போட்டு விட்டேன். நல்லாத் தூங்கி எழுந்து, இப்ப பேசுது.”

வாயாடி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘என்ன பேசுது?’ என்று கையால் கேட்டாள்.

பூதக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘அந்தக் கரையில இருக்கிற கிழவரை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும். முகம் பாத்ததில்ல, குரல்தான் பழக்கம். நேத்து நடுவுல அவருக்கு இருமல் வந்துச்சே, இப்ப எப்படி இருக்கார்னு கேட்டுட்டு வா’ன்னு அனுப்பிச்சுது. நான் என்ன சொல்லட்டும்?”

வாயாடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவரைக் குனிய வைத்து, காதுக்குக் கிட்டே இருந்த கொஞ்சக் குரலில் சொன்னாள்:

“வெந்நீர் குடிச்சுட்டு இருக்கார்னு சொல்லுங்க மாமா. இப்ப பரவாயில்லையாம்.”