கேட்காத கருவி

சுதன்வா ஆறரைக்கு எழுந்தான். மொட்டைமாடிக் குழாயடியில் குளித்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்தான். காபியை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை சிங்க்கில் கொட்டினான். உப்புமாவை நின்றபடியே தின்றான். ஏழே முக்காலுக்குக் கணினி முன் உட்கார்ந்தான்.

பூட்டிக்கிடந்த குளியலறைக்குள் வாளி நகர்ந்தது.

மேல்வீடாக இருக்கும் என்று நினைத்தான்.

ஆபீஸிலிருந்து லோஹித் கூப்பிட்டான். “எதுன்னு முடிவு பண்ணிட்டியா மாராயா? பதினோரு மணிக்கு மீட்டிங்ல எல்லாரும் என் மேலதான் பாய்வாங்க.”

கம்பெனி வேலைகளைத் தானே செய்யும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்று வேண்டும். யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய நிரல், சொந்த இயந்திரத்திலேயே ஓட வேண்டும். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, எதைச் செய்வதற்கு முன்னும் அனுமதி கேட்கும். மற்றது கேட்காது.

“கேட்காதது.”

“நல்லா இருக்கு. மத்தியானத்துக்குள்ள கஸ்டமர் லிஸ்ட்டைத் துடைச்சு வச்சிட்டு, ஊட்டா ஆச்சா, சாப்பிட்டியான்னு விசாரிக்கும்.”

“துடைக்கட்டும்.”

“கேக்கறதுல உனக்கு என்னடா கஷ்டம்?”

சுதன்வா போனை வைத்துவிட்டான்.

கேட்கும் கருவியை மூன்று மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டில் சோதித்தான். வீட்டு மைக்கையும் அதனுடன் இணைத்திருந்தான். காதில் ஹெட்ஃபோன், பாட்டு. இதைப் படிக்கவா? அதைத் திறக்கவா? நாற்பது கேள்விகள். பத்துக்கு மேல் அவன் வாசிக்கவில்லை. இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே போனான். குளியலறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவன் மனைவி ஸ்பூர்த்தி குளித்துக்கொண்டிருந்தாள். கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது; அதன் நச்சுப்புகை வெளியேற வழியில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பிறகுதான் கருவியின் பதிவைத் திறந்து பார்த்தான். இருபத்தேழாவது கேள்வி: ‘குளியலறையிலிருந்து ஸ்பூர்த்தி கூப்பிடுகிறார். பாட்டை நிறுத்தவா?’ எதிரே அவன் பதில். இல்லை. அதற்குக் கீழே, மைக் கேட்டு எழுதிவைத்த அவள் வார்த்தைகள்.

எல்லாவற்றையும் அழித்தான். ஸ்பூர்த்தியின் அம்மாவிடம், “அவ கூப்பிடவே இல்ல அத்தை” என்றான். அத்தை நம்பினாள்.

இப்போதிருப்பது புது இயந்திரம். மைக் கிடையாது. கேட்காத கருவியை ஓடவிட்டான். திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது.

பிறகு அது கேட்டது.

‘குளியலறையிலிருந்து ஸ்பூர்த்தி கூப்பிடுகிறார். பாட்டை நிறுத்தவா?’

பாட்டு எதுவும் ஓடவில்லை. ஹெட்ஃபோன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று தட்டினான். அதே கேள்வி வந்தது. கீசரைக் கழற்றி, குழாய்க்கு மூடி போட்டு, அறையைப் பூட்டி மூன்று மாதம் ஆகியும், கதவின் அடி இடுக்கிலிருந்து வெந்நீர் ஆவியும் அவள் ஷாம்பூ வாசனையும் கலந்து தரையோடு ஊர்ந்து வந்து அவன் பாதங்களைச் சூழ்ந்தன. உள்ளே எங்கோ கேஸ் பற்றிக்கொள்ளும் சிறு சத்தம்.

இல்லை.

கணினியின் வயரைப் பிடுங்கினான். அதன் உள்விசிறி நின்றது. திரை அணையவில்லை.

இல்லை. இல்லை.

விரலை அடுத்த பொத்தானுக்கு நகர்த்தினான்.

ஆம்.

ஏதோ நின்றது. மூன்று மாதமாக அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது என்பது, நின்ற பிறகுதான் தெரிந்தது.

அந்த அமைதியில் குளியலறைக் கதவின் உட்புறம் நகங்கள் தரையிலிருந்து மேலேறின. பாதிக் கதவு வரை வந்தன. வழுக்கின. மறுபடி ஏறின.

“சுதன்வா, தாழ்ப்பாள் எட்டல. கொஞ்சம் வாயேன்.”